வலு (சொல்)

வலு என்பது உடலின் ஆற்றலையும் பொருள்களின் உறுதியையும் குறிக்கத் தமிழில் அன்றாடம் வழங்கும் சொல் ஆகும். வலி, வலிமை, வன்மை, வல்லமை ஆகியனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையின் தொழில்வழக்கில் இக்குடும்பத்தின் பழைய பொருள்கள் சிலவற்றைக் காணலாம்.

சொற்பிறப்பு

இதன் வேர் 'வல்' என்பதாகும். க, ச, ட, த, ப, ற ஆகியவை வல்லினம் எனப்படுவதும் இவ்வேரினால்தான். மலையாளத்தில் 'வலிய' என்றால் பெரிய என்று பொருள். கன்னடத்தில் சொல்முதல் வகரம் பகரமாகத் திரிந்துள்ளது.

'பலம்' என்னும் வடசொல்லின் திரிபே வலு என்று கருதுவோர் உண்டு. இது பொருந்துவதாகத் தெரியவில்லை. மொழியியலாளர் தாமசு பரோ, அவ்வடசொல்லே திராவிடத்திலிருந்து பெறப்பட்டது என்றார். வேறு சிலர் அதனை 'வலுவற்ற' எனப் பொருள்படும் 'டெபிலிசு' என்ற இலத்தீன் சொல்லோடு இணைத்து, இந்தோ-ஐரோப்பியச் சொல்லாகக் கொள்வர்.

வலியும் வலித்தலும்

திருக்குறளின் 48ஆம் அதிகாரமான வலியறிதலில் 'வலி' என்பது வலிமையாகும். இன்றைய பேச்சிலோ அது நோவை மட்டுமே குறிக்கிறது. 'வலித்தல்' என்பதற்கு இழுத்தல் என்ற பொருளும் உண்டு. துடுப்பு வலித்தல், வலிப்பு நோய் ஆகியவை இப்பொருளில் வருவன.

முத்துக்குளிப்பில் இழுப்பவரின் பங்கு பெரிது. கல்லின் எடையால் கடலடிக்குச் செல்பவர் மூச்சை அடக்கிச் சிப்பி சேகரிப்பார். அவர் கயிற்றை அசைத்ததும் படகில் இருப்பவர் விரைந்து இழுத்து மேலேற்ற வேண்டும். எனவே ஒருவரின் உயிர் மற்றவரின் கைவலுவைச் சார்ந்திருந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது.

இக்கடற்கரையின் வள்ளம் என்னும் படகின் பெயர் ளகரத்தில் அமைந்தது. அது இவ்வேரைச் சேர்ந்ததன்று.

வலம்

பெரும்பாலோர்க்கு வலுமிக்க கை என்பதால் வலப்பக்கம் இப்பெயர் பெற்றிருக்கலாம். பழைய ஆங்கிலத்திலும் வலக்கைக்கு 'வலுமிக்கது' எனப் பொருள்படும் சொல் வழங்கியது. மன்னார் வளைகுடாவில் அரிதாகக் கிடைக்கும் வலம்புரிச் சங்கின் பெயரில் இவ்வேர் உள்ளது. விந்தையாக, விலங்கியலார் இதனை இடஞ்சுழிச் சங்கு என்பர். சங்கை எந்த முனை மேலாகப் பிடித்துப் பார்ப்பது என்பதில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம்.

அறிவியல் வழக்கு

இலங்கைப் பாடநூல்களில் 'வலு' என்பது ஓர் இயற்பியல் கலைச்சொல். வாட்டு அலகில் அளக்கப்படும் இக்கணியத்தைத் தமிழ்நாட்டு நூல்கள் 'திறன்' என்கின்றன. இலங்கையின் 'மின்வலு' தமிழ்நாட்டில் மின்திறன் ஆகும். வேதியியலில் அங்கு 'வலுவளவு' எனப்படுவது இங்கு 'இணைதிறன்' எனப்படுகிறது.