எதிர்வீட்டுத் தச்சுப்பட்டறை

ஒசாகாவின் தடாவோ ஆண்டோவைப் பற்றி எழுதுபவர்கள் ஒரே இடத்தில்தான் வியந்து நிற்கிறார்கள்: குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், கட்டடக்கலைக் கல்லூரி வாசலை மிதிக்காதவர், 1995இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். வியக்க வேண்டியதுதான். ஆனால் ‘தானே கற்றவர்’ என்ற பட்டம் அவருக்குக் கற்றுக்கொடுத்த தொழிலை மறைத்துவிடுகிறது. ஜப்பானில் கட்டடக்கலை கல்லூரிப் படிப்பாக வேரூன்றியதே 1877இல் ஜோசையா காண்டர் இங்கிலாந்திலிருந்து வந்து பாடம் நடத்திய பிறகுதான். அதுவரை கோயிலானாலும் வீடானாலும் திட்டம் போட்டவரும் மரவேலையை முன்னின்று நடத்தியவரும் தலைமைத் தச்சரே. 1941இல் பிறந்து பாட்டியிடம் வளர்ந்த ஆண்டோ, பத்து வயதிலிருந்து பதினேழு வரை எதிர்வீட்டுத் தச்சரின் பட்டறையில் கப்பல், விமானம், வார்ப்பு அச்சு என்று மரத்தில் செய்து பழகினார். அந்தப் பழைய பள்ளியின் கடைசி பெஞ்சு மாணவர் என்று அவரைச் சொல்லலாம்.

அவர் புகழ் மரத்தால் அல்ல, கான்கிரீட்டால் வந்தது. அதைக் கற்றுக்கொடுத்தது ஐரோப்பியக் கட்டடக்கலைஞர் லெ கார்பூசியேதானே என்று கேட்கலாம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய லெ கார்பூசியே நூலின் வரைபடங்களைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர்தான் ஆண்டோ. ஆனால் குருவின் மார்செய் குடியிருப்பில் கான்கிரீட் கரடுமுரடாக, பலகைத் தடத்தோடு நிற்கிறது. சீடனின் சுவரோ தடவிப் பார்க்கத் தோன்றும் வழவழப்பு. இந்த வித்தியாசம் புத்தகத்தில் இல்லை, கான்கிரீட்டை வார்க்கத் தச்சர் அடிக்கும் அச்சில், சென்ட்ரிங்கில் இருக்கிறது. கான்கிரீட்டுக்குச் சொந்த முகம் கிடையாது, அச்சுப் பலகையின் முகம்தான். பலகைகள் சேரும் இடத்தில் மயிரிழை விட்டாலும் சிமெண்டுப் பால் கசிந்து விளிம்பு பொரிந்துவிடும். ஆண்டோவின் பலகை 90க்கு 180 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஜப்பானிய வீடுகளில் தரையில் விரிக்கும் ஒரு தத்தாமிப் பாயின் அளவு. அதை முறுக்கிப் பிடித்த போல்ட்டுகளின் வட்டக்குழிகளை அவர் பூசி மறைப்பதில்லை. வரிசை பிசகாமல் அப்படியே விட்டுவிடுகிறார்.

அப்படியானால் ஒசாகாத் தச்சர் எல்லாரும் ஏன் ஆண்டோ ஆகவில்லை? நியாயமான கேள்வி. கை பட்டறையில் பழகியது. கண் திறந்தது அந்தப் புத்தகத்திலும் 1965இல் தொடங்கிய ஐரோப்பியப் பயணத்திலும். லெ கார்பூசியேவைப் பார்க்கும் ஆசை மட்டும் நிறைவேறவில்லை. இவர் பாரிஸ் போய்ச் சேருமுன் அவர் இறந்துவிட்டார். ஆனால் திரும்பி வந்து 1976இல் ஒசாகாவின் சுமியோஷியில் என்ன கட்டினார்? ஒட்டி நின்ற மூன்று மரவீடுகளில் நடுவீட்டை எடுத்துவிட்டு அங்கே ஒரு கான்கிரீட் பெட்டியை வைத்தார். அதன் நடுவே, பழைய ஜப்பானிய நகரவீடுகளில் இருந்ததுபோலவே, வானம் பார்த்த முற்றம். மழைக்காலத்தில் படுக்கையறையிலிருந்து கழிவறைக்குப் போகக் குடை வேண்டும்.