முகாரி அழுகை ராகமா?



"எப்போது பார்த்தாலும் முகாரி பாடாதே" என்று நம் வீடுகளில் அதட்டுவதுண்டு. சங்கீதம் அறியாதவர்கூட இந்த ஒரு ராகத்தின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பார். புலம்புகிறவரைக் கண்டால் முகாரி என்கிறோம். கல்யாண வீட்டில் நாகசுரக்காரர் இதைத் தொட்டுவிட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு ராகத்தை இப்படி ஒதுக்கி வைத்திருப்பது நியாயம்தானா? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். விஜயநகரப் பேரரசில் வாழ்ந்த இராமாமாத்தியர் 1550இல் 'ஸ்வரமேளகலாநிதி' என்னும் நூலை எழுதினார். ராகங்களுக்குத் தாயான மேளங்களை வரிசைப்படுத்தியபோது அவர் முதலிடம் கொடுத்தது முகாரிக்கு. ஏழும் சுத்த ஸ்வரங்களாக அமைந்தது என்பதே காரணம். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அரசவையில் இருந்த வேங்கடமகியும் தம் 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் 19 மேளங்களை விளக்கும்போது முகாரியையே முதலில் வைத்தார்.

அந்த ஸ்வர அமைப்பு இன்று கனகாங்கி எனப்படுகிறது. இன்று நாம் கேட்கும் முகாரி வேறு. பெயர் நிலைத்தது, உருவம் மாறிவிட்டது. இப்போது அதை 22ஆவது மேளமான கரகரப்பிரியாவின் ஜன்யமாகப் பெரும்பாலோர் கணக்கிடுகிறார்கள். ஒரு காலத்தில் மேளங்களுக்கே தலைமை தாங்கிய பெயர், இன்று வசைச் சொல்லாகிவிட்டது!

அப்படியானால் இந்த அழுகை எங்கிருந்து வந்தது? காரணம் இல்லாமல் இல்லை. முகாரி மேலே ஏறும்போது காந்தாரத்தைத் தொடாது, சதுச்ருதி தைவதத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழே இறங்கும்போதோ அதைவிடத் தாழ்ந்த சுத்த தைவதம் வந்துவிடும். அதிலிருந்து பஞ்சமத்துக்கு வரும்போதும், காந்தாரம் அசைந்து அசைந்து ரிஷபத்தில் வந்து அமரும்போதும், பேசிக்கொண்டிருப்பவரின் குரல் திடீரென்று தழுதழுப்பதைப் போல இருக்கும். கேட்பவர் நெஞ்சு இளகுகிறது. அந்த இளக்கத்துக்குச் சோகம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஆனால் தியாகராஜ சுவாமிகள் (1767–1847) அப்படி நினைக்கவில்லை. சபரி பெற்ற பேற்றை எப்படி வருணிப்பேன் என்று அவர் பூரித்துப்போகும் 'எந்தனினே' கீர்த்தனை முகாரியில்தான் அமைந்தது. கனிகளைக் கொடுத்து இராமனின் அருளைப் பெற்ற அந்த மூதாட்டியின் கதையில் அழுகைக்கு என்ன வேலை? 'ஏலாவதார' என்ற கீர்த்தனையில், இராமா, எதற்காக அவதாரம் எடுத்தாய், போருக்கா, அயோத்தியை ஆளவா, யோகிகள் உன்னைக் காணவா என்று அடுக்கிக்கொண்டே போய், ராகமாலைகளைத் தொடுத்த தமக்கு வரமளிக்கத்தானோ என்று உரிமையோடு கேட்கிறார். அதுவும் முகாரி. சங்கீத சாஸ்திர ஞானத்தின் பெருமையைச் சொல்லும் 'சங்கீத சாஸ்த்ர ஞானமு' கீர்த்தனையும் முகாரியே.

வியப்பு, உரிமை, பூரிப்பு என்ற மூன்றையும் ஒரே ராகம் தாங்குகிறது. அப்படியென்றால் அதன் குணம் அழுகை அன்று, உருக்கம். துக்கத்திலும் மனம் உருகும், பெரும் மகிழ்ச்சியிலும் உருகும். கண்ணீருக்கு முகவரி ஒன்று மட்டும் அன்று.

மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் தாயின் கண் கலங்குகிறதே, அது துக்கமா? அதை நாம் அமங்கலம் என்று சொல்வதில்லை. அதே மணவறைக்கு வெளியே முகாரியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

அடுத்த முறை யாராவது "முகாரி பாடாதே" என்று சொன்னால், ஒரு நல்ல வித்துவான் பாடிய 'எந்தனினே'யை அவரைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டு முடித்தபின் அவர் கண் கலங்கியிருக்கலாம். எதற்காக என்று மட்டும் கேளுங்கள்.