ஊவாவில் இயந்திரமும் கிறிஸ்தவ அறமும்

இயந்திர நாகரிகத்தைப் பற்றிக் கிறிஸ்தவ சமயம் யாது கூறுகின்றது என வினவுவோர் பெரும்பாலும் உரோமாபுரியின் சுற்றுமடல்களையும் மேனாட்டு இறையியலாளரின் நூல்களையுமே நாடுவர். எனினும், இவ்வினா ஏட்டளவில் நில்லாது மலைச்சரிவிலும் கரும்புக் காட்டிலும் எழுந்த வரலாறு ஒன்று நம் நாட்டின் ஊவா மாகாணத்துக்கு உண்டு. பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட அம்மாகாணத்தில், இயந்திரத்தைக் கிறிஸ்தவர் நோக்கிய நோக்கு எவ்வாறு மாறி வந்தது என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விவிலியத்தில் மனிதனின் கைத்திறன் பற்றி இருவகைச் சித்திரங்கள் உள. யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தை அமைக்கும் பெசலெயேல் என்னும் கைவினைஞன் இறைவனின் ஆவியால் நிரப்பப்பட்டவன் எனப்படுகின்றான். ஆதியாகமத்திலோ, செங்கல் சுட்டு வானளாவக் கோபுரம் எழுப்ப முயன்ற பாபேல் மக்கள் சிதறடிக்கப்படுகின்றனர். எனவே, தொழில்நுட்பம் கொடையும் ஆகலாம். செருக்கின் சின்னமும் ஆகலாம். இவ்விரண்டையும் பகுத்தறியும் அளவுகோலை ஓய்வுநாட் கட்டளையிற் காணலாம். வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் எருதுக்குங்கூட ஓய்வு வேண்டும் என விதிக்கும் அக்கட்டளை, விளைபொருளினும் உழைக்கும் உயிரையே முதன்மையாகக் கொள்கின்றது.

ஊவாவின் இயந்திர வரலாறு ஒரு நோயிலிருந்து தொடங்குகின்றது எனலாம். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைநோய், இலங்கையின் கோப்பிச் செய்கையை ஏறத்தாழ இரு தசாப்தங்களில் வீழ்த்திற்று. அதன் இடத்தைப் பெற்ற தேயிலை, தோட்டத்துக்குள்ளேயே தொழிற்சாலையை வேண்டி நிற்கும் பயிராகும். பறித்த கொழுந்து அன்றே ஆலையைச் சேர வேண்டும்; வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், சலித்தல் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகத் தடையின்றி நிகழ வேண்டும். 1870களிலிருந்து உருட்டும் இயந்திரங்களும் வெப்பக் காற்றினால் உலர்த்தும் இயந்திரங்களும் இவ்வேலைகளைப் படிப்படியாக ஏற்றன. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தது.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவேயும் பெரிதும் மாறாதிருந்தவை இரண்டு: ஒன்று, கொழுந்து பறிக்கும் பெண்ணின் கை, மற்றையது, அவள் உறங்கிய லயம். தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் ஆலையின் இயந்திரங்கள் பெருகப் பெருக, அவற்றின் பசிக்கு ஈடாகக் குறித்த நிறையில் கொழுந்து நாள்தோறும் வந்து சேர வேண்டியதாயிற்று. நிறை குறைந்த நாளில் அவளுக்கு விழுந்தது ‘அரைப்பேர்’. இயந்திரம் மனிதனின் சுமையைக் குறைக்கும் என்னும் பொதுக்கருத்து மலையில் இவ்வாறு தலைகீழாயிற்று.

அக்காலத்துத் திருச்சபை இதனை எவ்வாறு நோக்கிற்று? 1854இல் தோன்றிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோட்டப் பகுதிகளில் உபதேசியார்களை அமர்த்திச் சமயப் பணியும் கல்விப் பணியும் ஆற்றிற்று. லயத்துப் பிள்ளைகள் எழுத்தறிவு பெற அது உதவியமை மறுக்கற்பாலதன்று. ஆயினும், அம்மிஷன் தோட்டத் துரைமாரின் நன்கொடையிற் பெரிதும் தங்கியிருந்தது. துரையின் பணத்தில் இயங்கும் பணி, துரையின் தொழின்முறையை வினவுதல் அரிது. 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தமது சுற்றுமடலில் நீதியான கூலியையும் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் வற்புறுத்தினார். எனினும், மலையகத்தில் அவ்வுரிமைக்காக 1931இல் சங்கம் கண்டவர் கோ. நடேசையரேயன்றித் திருச்சபையார் அல்லர். இதனைக் கிறிஸ்தவர் நாணத்தோடு ஏற்றல் வேண்டும்.

நோக்கு மாறிய ஆண்டாக 1972ஐக் குறிப்பிடலாம். அவ்வாண்டு பதுளை தனி மறைமாவட்டமாக்கப்பட்டபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, வசதிமிக்க அவ்விடத்தை விட்டு, கத்தோலிக்கர் மிகச் சிலரே வாழும் இவ்வறிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்தார். கண்டியில் அதே ஆண்டு அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் ‘சத்யோதய’ நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரையும் சிங்களக் கிராமத்தவரையும் ஒருங்கே சந்திக்கச் செய்ய முயன்றார். நிலச்சீர்திருத்தத்தால் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. உடைமை கைமாறினாலும் லயம் லயமாகவே இருந்ததைக் கண்ட இவர்கள், சமயப் பணி உழைப்போரின் வாழ்விலிருந்தே தொடங்க வேண்டும் எனக் கருதினர்.

இச்சிந்தனை முழுவடிவம் பெற்றது கீழ் ஊவாவிலேயாம். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் உயர் பட்டங்கள் பெற்ற அறிஞர். அவர் 1980இல் புத்தலவை அடுத்த பௌத்தக் கிராமம் ஒன்றில் ‘சுப செத் கெதர’ என்னும் எளிய இல்லத்தை அமைத்து, அருட்சகோதரிகள் சிலரோடு வாழத் தலைப்பட்டார். அக்காலத்திலேயே அப்பகுதியில் பெருங்கரும்புச் செய்கை பரவிற்று. சேனை நிலத்தில் பல தானியம் விதைத்து உண்ட விவசாயி, ஒரே பயிரை ஆலைக்காக விளைவித்து, உணவைக் கடையில் வாங்க வேண்டியவனானான். அருட்தந்தை றொட்றிகோ இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் அறிவியலின் பகைவர் அல்லர். மூலிகை மருத்துவத்தையும் கூட்டெருவையும் கிராமத்தவரோடு சேர்ந்து போற்றிய அவர், ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு விளைவிக்கின்றது என்பதோடு, அதன் செலவை யார் சுமக்கின்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்கச் செய்தார். நாடு வன்முறையில் மூழ்கியிருந்த 1987 நவம்பர் 10ஆம் நாள், அவ்வில்லத்திலேயே திருப்பலியின்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உழைப்பே மூலதனத்துக்கு முற்பட்டது என 1981இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும், தொழில்நுட்ப ஆதிக்கத்தின் சுமை வறியோர் மீதே விழுகின்றது என 2015இல் பாப்பரசர் பிரான்சிசும் தத்தம் சுற்றுமடல்களில் விளக்கினர். பிந்திய மடல் வெளிவருமுன்னரே புத்தலக் கிராமத்தில் அவ்வுண்மை வாழ்ந்து காட்டப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வளவுகோலை அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டிற் பொருத்திப் பார்க்கலாம். முதலாவது உமா ஓயாத் திட்டம். ஊவா மேட்டுநிலத்து நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தென்கிழக்கு வறண்ட வலயத்துக்குக் கொண்டு சென்று, 120 மெகாவாற்று மின்சாரமும் பெறுவது அதன் நோக்கம். 2014ஆம் ஆண்டின் இறுதியில் சுரங்கத்துள் நீர் பீறிட்டது, பண்டாரவளைச் சுற்றாடலில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு வந்தனர். 2024 ஏப்ரலில் திட்டம் திறந்து வைக்கப்பட்டது. வறண்ட நிலத்துக்கு நீர் வேண்டும் என்பதை யார் மறுப்பர்? கேள்வி அதுவன்று. கிணற்றை இழக்கப்போகும் குடும்பத்துக்கு அவ்வபாயம் முன்கூட்டி உரைக்கப்பட்டதா என்பதே அறத்தின் கேள்வியாகும்.

இரண்டாவது, 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மூடிய மண்சரிவு. அவ்விடம் ஆபத்தானது என்பதை ஆய்வாளர் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தனர். அறிவியல் தன் கடமையைச் செய்தது. ஆயினும், அம்மக்கள் சென்று குடியேறச் சொந்த நிலம் இருக்கவில்லை. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. நிலவுரிமை இல்லாதவனுக்கு எச்சரிக்கைக் கருவி அச்சத்தைத் தருமேயன்றிப் பாதுகாப்பைத் தராது.

முடிவாக, ஊவாவின் வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று. ஒரு நூற்றாண்டுக் காலம் இயந்திரத்தின் உடைமையாளரோடு பந்தியிலிருந்த திருச்சபை அதன் அறத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதன் செலவைச் சுமப்போரோடு சென்று வாழ்ந்தபோதே பேசத் தொடங்கிற்று. எனினும், கரும்பு விவசாயிக்காகச் சிங்கள மொழியில் எழுந்த அச்சிந்தனை, லயத்தில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவரின் வழிபாட்டிலும் மறையுரையிலும் இன்னும் போதியளவு ஒலிக்கவில்லை. மலையிலே உழைப்போரே அங்குள்ள ஆலயங்களையும் நிறைக்கின்றனர். பெசலெயேலின் கைத்திறனைப் போற்றும் சமயம், கொழுந்து பறிக்கும் கையின் கேள்வியையும் கேட்டல் வேண்டும். அக்கேள்வியைத் தமிழில் எழுப்புதல் இனிவரும் தலைமுறையின் கடனாகும்.