சானாவில் வியர்த்துவிட்டு ஐஸ் தண்ணீரில் இறங்கலாமா? கொல்கத்தாவில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஏரிக்கரை மரக்குடிலில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்துவிட்டு, ஓடிவந்து பனி ஏரியில் குதிக்கும் ஃபின்லாந்து ரீல்ஸ் உங்கள் போனிலும் வந்திருக்கும். நீங்கள் வேலைக்காக கொல்கத்தாவில் இருந்தால், தமிழர்கள் பல காலமாக வாழும் லேக் மார்க்கெட்டிலிருந்து ரவீந்திர சரோபர் ஏரி நடக்கும் தூரம்தான். 'இங்கேயே செய்து பார்க்கலாமே' என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்க.

சானா என்றால் என்ன?

சூடாக்கிய கற்கள் வைத்த மர அறை. உள்ளே 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருக்கும். கல் மீது தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும். சுமார் 55 லட்சம் பேர் வாழும் ஃபின்லாந்தில் ஏறத்தாழ 30 லட்சம் சானாக்கள் உள்ளன. 2020-ல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது.

கொல்கத்தா ஏரியில் குதிக்கலாமா?

வேண்டாம். 1920-களில் வெட்டப்பட்ட இந்த ஏரி, பாதுகாக்கப்படும் நீர்நிலை. 2022 மே மாதம் திடீர்ப் புயலில் படகு கவிழ்ந்து, துடுப்புப் பயிற்சியில் இருந்த இரண்டு மாணவர்கள் இறந்ததும் இங்கேதான். தவிர, இது ஃபின்லாந்து ஏரி மாதிரி உறைகிற தண்ணீரும் இல்லை. ஜனவரி இரவில்கூட நகரின் சராசரி குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 14 டிகிரி.

ஆகவே உங்களுக்குக் கிடைப்பது ஜிம், ஹோட்டல், ஸ்பாக்களில் உள்ள சானாவும் ஐஸ் தொட்டியும்தான். இறங்கும் முன் தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்த உடம்புக்கு 5 டிகிரியும் 15 டிகிரியும் ஒன்றல்ல. கொல்கத்தா குளங்களில் நீந்திய ஆரத்தி சாஹாகூட, 1959 செப்டம்பர் 29 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முன், ஆகஸ்டிலேயே அந்தத் தண்ணீரில் பயிற்சி எடுத்தார்.

உடம்பில் என்ன நடக்கிறது?

சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது. குளிர்நீரில் இறங்கியதும் குழாய்கள் சட்டென்று சுருங்கி ரத்த அழுத்தம் எகிறுகிறது. கூடவே, உங்களை அறியாமல் ஒரு பெரிய மூச்சு இழுப்பீர்கள். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும். எனவே மிக ஆபத்தானது முதல் ஒரு நிமிடம். 'எவ்வளவு நேரம் தாங்கினேன்' என்பது அதற்குப் பிறகு வரும் கதை.

நன்மை உண்டா?

2,315 ஃபின்லாந்து ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. வாரம் 4 முதல் 7 முறை சானா சென்றவர்களிடம் இதயநோய் மரணங்கள் குறைவாக இருந்தன. ஆனால் சானாதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. இன்னொன்று, வெயிட் தூக்கிய உடனே ஐஸ் குளியல் போட்டால் தசை வளர்ச்சி குறையலாம் என்கிறது அதே ஆண்டு வந்த வேறோர் ஆய்வு.

போவதற்கு முன்

• மது அருந்திவிட்டுப் போகவே கூடாது. தனியாகவும் போகாதீர்கள்.
• மே மாத வெயிலில் அலைந்து, வியர்த்து ஓய்ந்த உடம்போடு சானாவில் நுழையாதீர்கள். தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்த பிறகு போங்கள்.
• முதல் முறை என்றால் சானாவில் 5 முதல் 10 நிமிடம் போதும். தலை சுற்றினால் உடனே வெளியே வாருங்கள்.
• தொட்டியில் குதிக்காதீர்கள். கால், இடுப்பு, மார்பு என்று மெதுவாக இறங்குங்கள். தலையை முக்க வேண்டாம். மூச்சு சீராகும் வரை விளிம்பைப் பிடித்திருங்கள். ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம்.
• ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை, அடிக்கடி மயக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது.
• நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் 112-ஐ அழையுங்கள்.

கூட வந்த நண்பர் மூன்று நிமிடம் உட்கார்ந்தார் என்பதற்காக நீங்களும் உட்கார வேண்டியதில்லை. உடம்பு போதும் என்றால் எழுந்துவிடுங்கள்.