ஆர்மோனியப் பெட்டி முதல் சிந்தசைசர் வரை: முதல் கீபோர்டு வாங்குவோருக்கு ஒரு வரலாறு

பதிவு சற்று நீளம். வீட்டில் இசை படிக்கும் பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

விருத்தாசலம் செராமிக் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் பழைய மாணவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், பையன் சிநேகிதர்களோடு சேர்ந்து ராக் குழு ஆரம்பித்திருக்கிறான். பாட்டுக்குப் பின்னால் பனி மாதிரி பரவி நிற்கிற ஓசைதான் அவர்களுக்கு முக்கியமாம். கீபோர்டு கேட்கிறான். கடையில் இதில் அறுநூறு டோன் இருக்கு, அதில் எண்ணூறு இருக்கு என்கிறார்கள். எதை வாங்குவது?"

சூளை வெக்கையில் நின்று சேர்த்த பணம். அது வீணாகக் கூடாது. இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலைவிட வரலாறுதான் நல்ல பதில் சொல்லும் என்பது என் எண்ணம்.

நம் ஊர்ப்பக்கம் முதலில் வந்த கீபோர்டு ஆர்மோனியம்தான். 1840களின் தொடக்கத்தில் பாரிசில் அலெக்சாந்தர் தெபைன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது காலால் மிதித்துக் காற்றடிக்கும் கருவி. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடும் நமக்கு அது ஒத்துவரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைக் கையால் துருத்தி அசைக்கும் சிறிய பெட்டியாக மாற்றினார். அந்தப் பெட்டி நாடகக் கொட்டகை, பஜனை மடம், தெருக்கூத்து என்று எல்லா இடமும் போய்ச் சேர்ந்தது. இசை நாடக மேடையில் 'பெட்டிக்காரர்' இல்லாமல் ராஜாவும் வரமாட்டார், பபூனும் வரமாட்டார்.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. வீணையில் கம்பியை இழுக்கலாம், நாகசுரத்தில் மூச்சாலும் விரலாலும் சுரத்தை வளைக்கலாம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம், அடுத்ததை அழுத்தினால் அடுத்த சுரம். இரண்டுக்கும் நடுவில் போக வழியில்லை. கமகம்தான் நம் இசையின் உயிர் என்பதால் பலர் இதை ஏற்கவில்லை. தாகூருக்கு அதைப் பிடிக்காது. அகில இந்திய வானொலியின் தில்லி நிலையத்தில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1938-இல் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1940 மார்ச் 1 முதல் வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை வந்தது. விடுதலைக்குப் பின்னும் அது நீடித்து, 1971-இல்தான் தளர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊரெல்லாம் கேட்ட கருவி வானொலியில் மட்டும் கேட்கவில்லை. விரலில் வித்தை இருந்தும் எத்தனை பெட்டிக்காரர்களுக்கு அந்த வாசல் மூடியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தடை விதித்தவர்கள் சொன்ன குறை பொய்யில்லை. தடைதான் தவறான மருந்து. அந்தக் குறையைப் பின்னால் மின்சாரம் தீர்த்து வைத்தது.

1947-இல் பிரான்சில் கான்ஸ்தான் மார்த்தான் 'கிளாவியோலின்' என்ற சின்ன மின் கருவியைச் செய்தார. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ஆனால் முழங்காலால் நெம்புகோலைத் தள்ளி ஓசையைக் கூட்டலாம், குறைக்கலாம். 1954-இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தில் ஊரையே மயக்கிய மகுடி ஓசை மகுடியிலிருந்து வந்ததில்லை. பின்னாளில் இசையமைப்பாளரான கல்யாண்ஜி இந்தக் கிளாவியோலினில் வாசித்தது. கருவி வெளிநாடு, கேட்டது நம் பாம்பாட்டி இசை.

அடுத்து சிந்தசைசர். அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-இல் தம் முதல் மாதிரியைச் செய்தார். ஐந்தே ஆண்டில், 1969-இல், ஒரு மூக் கருவி அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டது. டேவிட் டியூடர் என்ற இசைஞர் வந்து அதை அமைத்துக் கொடுத்தார். 1970-இல் வந்த மினிமூக்கில் இடது கைப்பக்கம் ஒரு சக்கரம் இருந்தது. அதை உருட்டினால் சுரம் மேலும் கீழும் வளையும். வானொலி தடை செய்ததற்குச் சொன்ன காரணம் அந்தச் சக்கரத்தோடு போயிற்று. 1982-இல் மும்பையில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை மின்கருவிகளிலேயே வாசித்துப் பதிவு செய்தார். அதில் அவர் பயன்படுத்திய டி.பி.-303 கருவியில் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு.

நம் சென்னைக்கு வருவோம். ஆர்.கே. சேகர் என்ற இசையமைப்பாளர் மின் இசைக்கருவிகளைச் சேர்த்து வைத்திருந்தார். 1976-இல் அவர் காலமானபின், அந்தக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்த வீட்டுப் பிள்ளைதான் ஏ.ஆர். ரகுமான். சிறுவயதிலேயே இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தார், நண்பர்களோடு ராக் குழுக்களிலும் வாசித்தார். 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினி இசைக்கருவியைப் பயன்படுத்தினார். 1992-இல் 'ரோஜா' வந்தது. அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும்.

கர்நாடக இசையிலும் 'கீபோர்டு' சத்யநாராயணன் கமகங்களோடு கச்சேரி செய்து காட்டிவிட்டார். யமஹா நிறுவனம் 2019 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் கீபோர்டு தயாரிக்கிறது. அன்னியம் என்று ஒதுக்கிய கட்டைப்பெட்டி இன்று நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் பக்கத்திலேயே உருவாகிறது.

இனி, பையன் கேட்கும் பனிமூட்ட ஓசைக்கு வருவோம். அந்த வகை ராக் இசைக்கு முன்னோடிகளில் ஒன்று பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்துக் குழு. அதன் கீபோர்டுக்காரர் ரிச்சர்டு ரைட் 1960களில் வைத்திருந்தது ஃபார்ஃபிசா என்ற எளிய மின் ஆர்கன். அதை எதிரொலிப் பெட்டி ஒன்றோடு இணைத்தார். விசை குறைவு, ஆனால் ஓசை கோயில் கல்மண்டபத்தில் பாடியது போல விரிந்தது. 1975-இல் வந்த அவர்களின் ஆல்பம் ஒன்றின் தொடக்கத்தில், தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பைத் தேய்த்து எடுத்த ஒலியும் கலந்திருக்கிறது. பீங்கான் ஊர்க்காரர்களான நமக்கு உடனே ஜலதரங்கக் கிண்ணம் நினைவுக்கு வரும். நாம் குச்சியால் தட்டுகிறோம், அவர்கள் விரலால் தேய்த்தார்கள். தட்டினால் ஒலி பிறந்த உடனே தேயும், தேய்த்தால் நின்று வளரும். இந்த வித்தியாசம்தான் முழு விஷயமும்.

ஆகவே டோன் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நம் ஊர் மொழியில் சொன்னால், சாதாரணக் கீபோர்டு சுட்டு வண்ணம் பூசிய பொம்மை. பார்க்க அழகு, மாற்ற முடியாது. சிந்தசைசர் பிசைந்த களிமண். நீங்களே வனைய வேண்டும், ஆனால் நினைத்த உருவம் வரும். கடையில் பார்க்க வேண்டியவை:

1. தாளத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக் கேளுங்கள். நாலு நொடிக்கு மேல் கேட்கச் சலித்தால் அந்தக் கருவி வேண்டாம்.

2. இடது பக்கம் சுரத்தை வளைக்கும் சக்கரமோ கைப்பிடியோ இருக்கிறதா? விலை குறைந்த பல கீபோர்டுகளில் இருக்காது.

3. ஒலி மெல்லத் தோன்றுவதையும் (அட்டாக்), விரலை எடுத்தபின் மெல்லத் தேய்வதையும் (ரிலீஸ்), கூர்மையையும் (ஃபில்டர்) நாமே மாற்ற முடிகிறதா? ஆர்மோனியத்தில் துருத்தி செய்த வேலையை இங்கே இந்தக் குமிழ்கள் செய்கின்றன.

4. ஒரே நேரத்தில் எத்தனை சுரம்? மினிமூக்கில் ஒன்றுதான். 2002-இல் வந்து பலருக்கு முதல் சிந்தசைசராக அமைந்த மைக்ரோகோர்க்கில் நான்கு. பரவி நிற்கும் ஓசைக்கு நான்காவது வேண்டும்.

5. கால் பெடல் இணைக்கும் துளை, ரிவெர்ப், டிலே ஆகிய எதிரொலி வசதிகள். கருவியிலேயே இல்லாவிட்டால் தனிப் பெட்டியாகப் பிறகு வாங்கலாம்.

6. பல சிந்தசைசர்களில் ஒலிபெருக்கி இருக்காது. அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வீட்டில் ஓரளவு நல்ல கணினி இருந்தால் இன்னும் மலிவான வழி உண்டு. 1983-இல் கருவிகள் ஒன்றோடொன்று பேச 'மிடி' என்ற பொதுமொழி வந்தது. அதனால் ஒலி இல்லாத வெறும் கட்டைப்பலகையை (மிடி கீபோர்டு) வாங்கிக் கணினியில் சேர்த்தால், ஒலியைக் கணினி தரும். தொடங்குகிறவருக்கு இது போதும் என்பேன். ஆறு மாதம் பையன் விடாமல் வாசித்தால் அப்போது சிந்தசைசர் வாங்கலாம். அந்தப் பலகையும் வீணாகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "இதெல்லாம் ஒரு இசையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாடே மதித்த பெரியவர்கள் ஆர்மோனியத்தைப் பற்றி அப்படித்தான் கேட்டார்கள். கருவியின் குறையைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதைத் தாண்டும் வழியை அவன் கண்டுபிடிப்பான்.

நல்லூர், விருத்தாசலம் வட்டாரத்துக் கூத்திலும் நாடகத்திலும் ஆர்மோனியம் வாசித்த கலைஞர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. தொகுத்து வைப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
நல்லூர்