கணக்கேட்டில் ஏறாத நீர்நிலைகள்

கொல்கத்தா நகரம் ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் எழுந்ததாயினும், அதன் தரை ஆற்றை நோக்கிச் சாய்வதில்லை. ஆறு பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து ஒதுக்கிய வண்டலால் கரை மேடாகிவிட, நிலம் அங்கிருந்து கிழக்கே, உப்பு ஏரிகள் எனப்பட்ட பரந்த சதுப்பை நோக்கித் தாழ்ந்து செல்கிறது. இந்தச் சாய்வைப் பொருட்படுத்தாமல் கழிவுநீரை ஆற்றுக்கே திருப்ப முயன்ற பிழையை 1803இல் வெல்லெஸ்லி பிரபு தமது குறிப்பொன்றில் எடுத்துக்காட்டினார். எனினும் மழைநீரையும் சாக்கடை நீரையும் ஒருசேரக் கிழக்கே கொண்டுசெல்லும் நிலத்தடிக் கால்வாய்களை வில்லியம் கிளார்க் என்னும் பொறியாளர் வடிவமைப்பதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த நீரை ஏற்றுக் கடலுக்குக் கொண்டுசென்ற வித்யாதரி ஆறு, கடலின் ஏற்றவற்றத்தால் உயிர்த்திருந்த ஓர் ஆறு. மேல்நீர்வரத்து அற்று, வண்டல் மேலிட்டு அது தூர்ந்துபோக, 1928இல் அரசே அதைச் செத்த ஆறு என அறிவிக்க நேர்ந்தது.

உவர்நீர் மீனை நம்பியிருந்த சதுப்பு மக்களுக்கு ஆற்றின் சாவு பிழைப்பின் சாவாகவே முடிந்திருக்கலாம். ஆனால் கடல்நீர் வராத ஏரிகளில் 1930ஐ ஒட்டி அவர்கள் நகரத்தின் சாக்கடை நீரைப் பாய்ச்சி நன்னீர் மீன் வளர்க்கத் தொடங்கினர். கரை எழுப்பி நீரைத் தேக்கிய இப்பண்ணைகள் வங்க மொழியில் பேரி எனப்படுகின்றன. அச்சொல்லுக்கு அணைகரை என்பதே முதற்பொருள். குளிர்காலத்தில் பேரியை வடியவிட்டு, அடிச்சேற்றை வெயிலில் காயவிட்டுச் சுண்ணாம்பு இட்டபின், கழிவுநீரை அளவறிந்து உள்ளே விடுவார்கள். அது சில வாரம் வெயிலில் நின்று தெளியும் வரை மீன்குஞ்சு விடமாட்டார்கள். ஆள் இறங்கி நடக்கக்கூடிய ஆழமே உள்ள நீரில் வெயில் அடிவரை எட்டுவதால் பாசி செழித்து உயிர்வளியை வெளியிடுகிறது. அந்த உயிர்வளியைக் கொண்டு நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. சிதைவில் விளையும் சத்தைப் பாசி உண்ண, பாசியை ரோகுவும் கட்லாவும் திலாப்பியாவும் உண்கின்றன. கரையோரம் வளரவிட்ட ஆகாயத்தாமரை அலையரிப்பைத் தடுப்பதோடு நீரிலுள்ள உலோக நச்சின் ஒரு பங்கையும் உறிஞ்சிக்கொள்கிறது. நீரின் நிறத்தையும் வாடையையும் கொண்டே வாய்க்காலை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று முடிவு செய்யும் இந்த அறிவு எந்தக் கல்லூரியிலும் பிறந்ததன்று. மாநகரின் குப்பை 1860களிலிருந்து கொட்டப்பட்ட தாபாவிலோ, மட்கிய குப்பைமேட்டின்மீதே காய்கறி பயிரிடும் வழக்கம் இந்த மீன்வளர்ப்புக்கு முன்பே, 1870களின் இறுதியில், குத்தகை முறையில் தொடங்கியிருந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட மீனும், நாள்தோறும் சந்தைக்கு வரும் காய்கறியும் இந்த ஏற்பாட்டின் கண்ணுக்குத் தெரிந்த விளைவுகள்.

கண்ணுக்குத் தெரியாத விளைவு இன்னும் பெரிது. பெருநகரங்கள் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் அவற்றை ஓட்டும் மின்சாரத்துக்கும் பெருந்தொகை செலவிட்ட காலமெல்லாம், கொல்கத்தாவின் மையப்பகுதி அத்தகைய நிலையம் இன்றியே தன் கழிவுநீரைத் தூய்மைப்படுத்திக்கொண்டது. யாருக்கும் சம்பளப் பட்டியல் போடாமல் நடந்த வேலையாதலால் அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. தமிழில் புறம்போக்கு என்னும் சொல்லுக்கு நேர்ந்ததை இங்கு நினைக்கலாம்: தீர்வைக்கு உட்படாத பொது நிலம் என்ற பொருளில் ஏரியையும் மேய்ச்சல் நிலத்தையும் குறித்த வருவாய்த்துறைச் சொல், நாளடைவில் ஒன்றுக்கும் உதவாதவனைக் குறிக்கும் வசையாக மாறிவிட்டது. வரி தராதது பயன் தராது என்ற எண்ணம் மொழிக்குள்ளேயே புகுந்துகொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரு நாட்டில் ஓராண்டில் விற்பனைக்கு வந்த பண்டங்கள், பணிகள் ஆகியவற்றின் பணமதிப்பைத் திரட்டும் நாட்டு வருமானக் கணக்கும் இதே குறையை உடையது. அதை வகுத்தவர்களுள் முதன்மையானவரான சைமன் குஸ்னெட்ஸ், 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையிலேயே, ஒரு நாட்டின் நலத்தை இந்த எண்ணைக் கொண்டு அளந்துவிட முடியாது என எச்சரித்திருந்தார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, இலண்டனில் தணிக்கைக் கணக்கு பயின்று, பம்பாயில் அத்தொழிலையே நடத்திவந்த ஜே. சி. குமரப்பா இன்னும் அடிப்படைக்குச் சென்றார். சிறையில் எழுதி முடித்த 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் நூலில், இயற்கையின் சுழற்சியோடு இயைந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பொருளாதாரத்தையும், எடுத்துத் தீர்த்துவிடும் பொருளாதாரத்தையும் அவர் வேறுபடுத்தினார். கணக்கை நன்கறிந்த ஒருவரே கணக்கின் எல்லையைச் சுட்டியது கவனத்துக்குரியது. அவர் பேரிகளைப் பற்றி எழுதியிருந்தால் அவற்றை எந்த வகையில் சேர்த்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

வளர்ச்சியின் கணக்கு வேறு திசையில் ஓடியது. மேற்கு வங்க முதலமைச்சர் விதான் சந்திர ராயின் காலத்தில் வகுக்கப்பட்ட குடியிருப்புத் திட்டப்படி, 1962 முதல் ஹூக்ளியின் அடிமணலும் வண்டலும் குழாய்கள் வழியே இறைக்கப்பட்டு உப்பு ஏரிகளின் வடபகுதி மேடாக்கப்பட்டது. யூகோஸ்லாவிய நிறுவனமொன்று இப்பணியை மேற்கொண்டது. பிரிவினையால் வந்து குவிந்த மக்களுக்கு இடமின்றித் திணறிய நகரம் அது என்பதை மறக்கலாகாது. வீட்டுத் தேவை மெய்யானது. ஆயினும் மண் நிரப்பிய செலவும் மனை விற்ற வரவும் நாட்டு வருமானத்தில் கூடுதலாகப் பதிய, மறைந்த மீன்பண்ணைகளும் அவை செய்த துப்புரவும் எங்கும் இழப்பாகப் பதியவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

எஞ்சிய சதுப்பு என்ன செய்கிறது என்பதை 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்து வெளியுலகுக்குச் சொன்னவர் மாநில அரசின் பொறியாளரான துருபஜோதி கோஷ். சூழலே மானியம் தந்து தாங்கும் நகரம் என்று அவர் கொல்கத்தாவுக்குப் பெயரிட்டார். மானியம் என்பது அரசு தன் கருவூலத்திலிருந்து தரும் உதவி. இங்கோ ஏழை மீனவரும் உழவரும் தங்கள் உழைப்பாலும் சூரியன் தன் ஒளியாலும் நகரத்துக்கு அந்த உதவியை அளித்தனர். உதவி பெற்றவர்கள் பெற்றதையே அறியாமல் இருந்தனர் என்பதுதான் அவரை வருத்தியது.

இந்நிலத்தின் ஒரு பகுதியில் வர்த்தக மையம் அமைக்க அரசு முனைந்தபோது, 'பப்ளிக்' என்னும் குடிமக்கள் அமைப்பு கல்கத்தா உயர் நீதிமன்றத்தை அணுகியது. நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி 1992இல் அளித்த தீர்ப்பு, சதுப்பின் நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்குத் தடை விதித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில், அதாவது உலக முதன்மை பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. 2006இல் மாநிலச் சட்டமும் வந்தது. ஈரநிலத்தின் பணிகளுக்கு விலை குறித்தால் அது காக்கப்படும் என்று இன்று பலர் கருதுகின்றனர். கொல்கத்தாவின் வரலாறு அக்கருத்துக்கு ஆதரவாக இல்லை. விரைவுச் சாலையை ஒட்டிய மனையின் விலையோடு மீனின் விலையைப் போட்டியிடவிட்டால் மீன் ஒவ்வொரு முறையும் தோற்கும். துப்புரவின் மதிப்பையும் சேர்த்துக் கூட்டினால் தோல்வி சிறிது தள்ளிப்போகலாம், அவ்வளவே. சதுப்பைக் காத்தது உயர்ந்த விலை அன்று. இந்நிலம் விலைபேசுவதற்கு உரியதன்று என்ற விதி.

விதி இருந்தும் இருள் நேரத்தில் மண் கொட்டிக் குளங்கள் தூர்க்கப்படுகின்றன. தொழிற்சாலைகளின் உலோகக் கழிவு சாக்கடையோடு கலக்கிறது. பேரித் தொழிலாளியின் கூலி அவர் நகரத்துக்கு மிச்சப்படுத்தும் தொகைக்கு எவ்வகையிலும் ஈடாகாது. இவை எல்லாவற்றினும் அன்றாடக் கவலை நீர்மட்டத்தைப் பற்றியது. பேரிகளுக்குக் கழிவுநீர் மேட்டிலிருந்து தானே பாய வேண்டுமாயின், கழிவுநீர்க் கால்வாயில் பாந்தலா என்னுமிடத்தில் உள்ள மதகுக்கு மேலே போதிய உயரத்துக்கு நீர் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் நகரத் தெருக்களில் வெள்ளம் வடியவோ அந்த மட்டம் தாழ வேண்டும். கால்வாயில் படியும் சேறு அகற்றப்படாத ஆண்டுகளில் இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று நெருக்க, மட்டம் குறையும்போது முதலில் காய்வது கால்வாயின் கடைக்கோடியில் உள்ள சிறிய பேரிகளே.