கென்ட் ஹாப்ஸ்: மணமும் கசப்பும்

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் கொடியின் பெண் பூங்கொத்து. அதைப் பிளந்தால் அடுக்கடுக்கான பச்சைச் செதில்களின் அடியில் பிசுபிசுத்த மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். லுபுலின் எனப்படும் இத்தூளில்தான் கசப்புக்குரிய ஆல்ஃபா அமிலங்களும் மண எண்ணெய்களும் உள்ளன. ரகத்துக்கு ரகம் இவற்றின் அளவு மாறும்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 16ஆம் நூற்றாண்டிலேயே ஹாப்ஸ் பயிராயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோல்டிங் ரகமும், 19ஆம் நூற்றாண்டில் ஃபகிள் ரகமும் பெயர் பெற்றன. இரண்டிலும் ஆல்ஃபா அமிலம் ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம்தான். கோல்டிங்கின் மணம் மென்மையானது. ஆனால் அது நல்ல மண் கேட்கும். ஃபகிள் கனத்த களிமண்ணிலும் விளைந்ததால் விவசாயிகளின் செல்லப் பயிரானது. செப்டம்பர் அறுவடைக்கு லண்டன் கிழக்குப் பகுதியின் ஏழைக் குடும்பங்கள் குழந்தைகுட்டிகளோடு வந்து, தோட்டத்துக் குடிசைகளில் தங்கிப் பூப் பறித்தன. பறித்த பூவைக் கூம்புக்கூரை கொண்ட சூளைகளில் உலர்த்தினர். பீர் ஆலைக்காரர்கள் உலர்ந்த பூவை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தே தரம் பார்த்தனர்.

கென்ட்டின் வை வேளாண் கல்லூரியில் 1906 முதல் ஹாப்ஸ் ஆய்வில் ஈடுபட்ட எர்னஸ்ட் சால்மன், மணத்தோடு கசப்பின் வலுவையும் கணக்கில் எடுத்தார். கனடாவின் மனிடோபாவில் காட்டில் வளர்ந்த கொடியின் துண்டு ஒன்று 1916இல் அவருக்கு வந்தது. அது வளர்ந்து தந்த விதையிலிருந்து 1919இல் முளைத்ததே 1934இல் வெளியான புரூவர்ஸ் கோல்டு ரகம். பழைய ரகங்களைவிட அதன் கசப்பு மிக வலுவானது. ஆனால் அதன் காரமான, பிளாக்கரன்ட் பழச் சாயல் கொண்ட வாடை ஆங்கில ஆலைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. கசப்புக்கு மட்டுமே பயன்படுத்தினர். மூக்குப் பழக்கத்துக்குத் தலைமுறைக்கணக்கில் வலு உண்டு. அதை ஒரே ரகத்தால் மாற்றிவிட முடியாது.

ஆனால் பழகிய மணம் கொண்ட ஃபகிளும் நோயிலிருந்து தப்பவில்லை. 1924இல் கென்ட்டின் பென்ஷர்ஸ்ட்டில் கண்டறியப்பட்ட வாடல் நோய், வேர் வழியே ஏறி நீரோட்டத்தை அடைத்துக் கொடியையே கொல்லும் பூஞ்சை நோய். மண்ணிலேயே தங்கிவிடுவதால் மருந்தடித்து அதை ஒழிக்க முடியவில்லை. நோய் புகுந்த தோட்டங்களில் ஃபகிளை மீண்டும் நடவே வழியில்லை. எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்கள் கட்டாயமாயின.

அந்தத் தேடலில் 1972இல் வந்தது டார்கெட் ரகம். அதன் மரபில் ஒரு பக்கம் கோல்டிங். மறுபக்கம் நார்தர்ன் புரூவர் என்ற ரகத்தின் வழியாகப் புரூவர்ஸ் கோல்டும் மனிடோபாவின் காட்டுக்கொடியும். ஆல்ஃபா அமிலம் சுமார் 10 சதவீதம். வாடல் நோயையும் தாங்கியது.